விரிசல் விட்ட அலாய் வீல்: வெல்டிங்கா, புதுசா, இரும்பு ரிம்மா?

வண்டலூர்வாசி · ஞாயிறு இரவு 9.40

வேலூரிலிருந்து திரும்பும்போது, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இடது முன் சக்கரத்தை விட்டுவிட்டேன். வேகம் 70 இருக்கும். 'டங்'கென்று சத்தம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த பஞ்சர் கடையில் கழற்றிப் பார்த்தால், ரிம்மின் உள்பக்க விளிம்பு ஒரு கை அகலத்துக்கு மடங்கியிருந்தது. கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, காற்றடித்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் 33 இருந்த காற்று 19. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். மடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடாக நுரை கிளம்பியது. டயரிலிருந்து இல்லை, ரிம்மிலிருந்தே.

16 இஞ்ச் அலாய், டயமண்ட் கட் (முகத்தை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கியது), 195/55 ஆர்16 டயர். வண்டிக்கு வயது இரண்டரை. மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பதில். சர்வீஸ் சென்டரில் புது வீல் 11,500 ரூபாய், வர பத்து நாள். ரிம் ரிப்பேர் கடையில் பெண்டு எடுத்து, விரிசலுக்கு ஆர்கான் வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து 1,800, சாயங்காலமே கிடைக்கும். ஆபீஸ் நண்பர், நாலையும் தள்ளிவிட்டு 15 இஞ்சுக்கு இறங்கு என்கிறார். இப்போது ஸ்டெப்னியில் ஓடுகிறேன். அதில் 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர். வெல்டிங் வைத்த ரிம்மில் யாராவது இரண்டு வருஷமாவது ஓட்டியிருக்கிறீர்களா?

மஞ்சள்போர்டு · ஞாயிறு இரவு 10.05

தம்பி, என்னிடம் மூன்று வண்டி ஓடுகிறது, மூன்றிலும் இரும்பு ரிம். அலாயோடு வந்த ஒன்றையும் மாற்றிவிட்டேன். இரும்பு மடங்கும், தட்டினால் நிமிரும், அடுத்த மழைக்கு மறுபடி மடங்கும். அலாய் கொஞ்சம் மடங்கிப் பார்க்கும், அப்புறம் கீறல் விட்டுவிடும். அலாய் லேசு, மைலேஜ் ஏறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தராசில் வைத்துப் பார்த்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

கோவை_ஆர்கான் · ஞாயிறு இரவு 11.20

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்ங்க, எனக்கு இதுதான் தொழில். கோவையில் பட்டறை, 14 வருஷம் ஆகிறது. அதனால் நான் சொல்வதைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக்கில் விரிசல், நட்டு உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் எத்தனை காசு கொடுத்தாலும் தொடமாட்டேன். உங்களுடையது உள்விளிம்பு ஓரம். பள்ளத்தில் விழுந்து வரும் ரிம்மில் பெரும்பாலும் அங்கேதான் அடி இருக்கும். வெளிப்பக்கம் ஸ்போக் தாங்கிப் பிடிக்கிறது, உள்பக்கம் தாங்க ஆளில்லை. அந்த ஓரத்தில் ஒரு இஞ்ச் விரிசலுக்கு முழு வீலைத் தூக்கிப் போடுவது, பல் நுனி உடைந்ததற்குத் தாடையையே கழற்றுகிற கதை.

வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, எங்கே எத்தனை மி.மீ. ஆடுகிறது என்று சாக்பீஸில் குறிக்கிறோம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக நிமிர்த்துகிறோம், சுத்தியல் கிடையாது. விரிசலின் நுனியில் சின்ன துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, 'வி' மாதிரி கடைந்து, 4043 என்ற அலுமினிய வெல்டிங் கம்பியில் இரண்டு பக்கமும் வெல்டு வைத்து, லேத்தில் ஏற்றி மட்டமாக்குகிறோம். 1,800 வாங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்கிறாரா என்று அந்தக் கடையில் நின்று பாருங்கள். இதுவரை என்னிடம் வெல்டு வைத்துப்போன ரிம் உடைந்ததென்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

வார்ப்படம் · திங்கள் காலை 7.15

திரும்பி வரவில்லை, சரி. வராதவர்கள் என்ன ஆனார்கள் என்று எப்படித் தெரியும்? வண்டியை விற்றிருப்பார்கள், ரிம்மை மாற்றியிருப்பார்கள், வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

நான் அலுமினிய வார்ப்பு ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கார் அலாய் பெரும்பாலும் ஏ356 கலவை: அலுமினியத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். ஊற்றி எடுத்தவுடன் அதற்கு முழு பலம் வந்துவிடாது. சுமார் 540 டிகிரியில் மணிக்கணக்கில் சுட்டு, தண்ணீரில் முக்கி, மறுபடி 160 டிகிரி பக்கத்தில் பல மணி நேரம் வைத்த பிறகுதான் வரும். டி6 என்பது இந்தச் சூட்டு வேலைதான். வெல்டிங் வைக்கும் இடத்தில் உலோகம் 600-ஐத் தாண்டி உருகுகிறது. அதை ஒட்டிய பட்டையில் டி6 கொடுத்த பலம் போய்விடும். வெல்டு கோடு உறுதியாகவே இருக்கட்டும், அதன் பக்கத்தில் உலோகம் இளகிவிட்டதே. அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும்.

195/55 ஆர்16 சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 510 தடவைக்கு மேல் சுற்றும். 50,000 கிலோமீட்டர் என்றால் இரண்டரைக் கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் ஒருமுறை அழுந்தி விடுபடுகிறது. இரண்டு மாதம் ஓடியது என்பதெல்லாம் கணக்கில் வராது.

கோவை_ஆர்கான் · திங்கள் மதியம் 1.30

சார், உங்கள் ஆலையிலேயே வார்ப்பில் குழி விழுந்தால் வெல்டு வைத்துத்தானே அடைக்கிறீர்கள்? அங்கே வைத்தால் தொழில்நுட்பம், நாங்கள் வைத்தால் ஒட்டுப்போடுவதா? நிமிர்த்தும்போது டெம்பரேச்சர் கன் வைத்துத்தான் சூடு காட்டுகிறோம்.

வார்ப்படம் · திங்கள் மதியம் 2.10

வைக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் வெல்டு வைத்த பிறகு முழுப் பொருளையும் டி6-க்கு அனுப்புகிறோம், அப்புறம் எக்ஸ்ரே. நீங்கள் ஒரு முடிந்த வீலை 540 டிகிரி உலையில் வைத்துத் தண்ணீரில் முக்க முடியாது. பெயிண்டும் போய், வட்டமும் போய்விடும்.

கன் பற்றி ஒரு விஷயம். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கன் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். நீங்கள் 150 என்று நினைக்கும்போது அது 250 ஆகவும் இருக்கலாம். இரும்பு சூடானால் சிவக்கும், எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது, நிறம் மாறாமலேயே இளகி விழும். வெல்டிங் சாமான் கடையில் வெப்பச் சாக்பீஸ் கிடைக்கும், குறிப்பிட்ட சூட்டில் உருகும். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விரிசல் இல்லாத வெறும் மடக்கு என்றால் உங்கள் பக்கம்தான் நான். பிரஸ்ஸில் நிமிர்த்தி, ஆட்டம் 1 மி.மீ.க்குள் வந்தால் ஓட்டலாம்.

கோவை_ஆர்கான் · திங்கள் மதியம் 2.45

சாக்பீஸ் விஷயம் புதுசு, வாங்கிவிடுகிறேன். வெல்டிங் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லைங்க.

சர்வே_கண் · திங்கள் மாலை 6.00

இன்சூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளத்தில் இடித்தது விபத்துச் சேதம், ஓன் டேமேஜில் (பாலிசியில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி) கிளெய்ம் எழும். கம்பெனி வாரண்டியில் வராது, அது உற்பத்திக் குறைக்கு மட்டும். இரண்டரை வயது வண்டிக்கு உலோகப் பாகத்தில் 15 சதவீதம் தேய்மானம். 11,500-இல் 1,725 போகும், 1500 சிசிக்குள் என்றால் கட்டாயப் பிடித்தம் 1,000. கையில் 8,775.

இப்போது மறுபக்கம். முடிந்த இரண்டு வருஷமும், ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது வருஷமும் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் அடுத்த புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) 35 சதவீதம் ஆகும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்தால், அடுத்த வருஷம் 2,800 இழப்பு, அதற்கடுத்து 2,000, மறுபடி 2,000, 1,200, 400. மொத்தம் 8,400. ஐந்து வருஷம் வண்டியை வைத்திருப்பவருக்கு லாபம் 375 ரூபாய். ஒரே ஒரு வீலுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். ரிம் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் மட்டும் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள், போனஸ் போகுமா போகாதா என்பது அதில்தான் இருக்கும்.

ஈசிஆர்_பயணி · திங்கள் இரவு 8.20

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது உடையவில்லை, பிளாட்பாரத்தில் உரசிய சிராய்ப்பு. டயமண்ட் கட்டை மறுபடி கடையலாமா?

கோவை_ஆர்கான் · திங்கள் இரவு 8.50

கடையலாம்ங்க, சிஎன்சி லேத்தில். ஆனால் ஒவ்வொரு தடவையும் முகத்திலிருந்து உலோகம் போகும், ஒன்றிரண்டு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். மேலே அடிக்கும் கிளியர் கோட்டில் சின்ன உடைப்பு இருந்தாலும் ஈரம் உள்ளே போய் வெள்ளைப் புழு மாதிரி கோடு கோடாக ஓடும். உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்றால் கடைவதைவிட முழுசாகப் பவுடர் கோட்டிங் அடித்துவிடுவது நல்லது. பட்டி பார்த்து சில்வர் ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கும் இடத்தில் மட்டும் விடாதீர்கள். பட்டிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வாட்டர் வாஷில் ரிம்முக்கு ஆசிட் தெளித்தால் தடுங்கள், பாதி ரிம் அதில்தான் போகிறது.

வண்டலூர்வாசி · புதன் இரவு 10.15

வார்ப்படம் சார் தனிச்செய்தியில் ஒன்று சொன்னார். முடிவெடுக்கும் முன் டை பெனட்ரன்ட் (கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள், பெயிண்டை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று. வெல்டிங் சாமான் கடையில் மூன்று டப்பா செட் 1,100 ரூபாய். மொட்டை மாடியில் உட்கார்ந்தேன்.

டயரைக் கழற்றிய ரிம்மில், மடங்கிய இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பெயிண்ட் ரிமூவர் தடவி வழித்தேன். கிளீனர் தெளித்துத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, கால் மணி நேரம். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தேன் (நேராகத் தெளித்தால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடுமாம்). கடைசியில் வெள்ளை டெவலப்பர். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் சோப்பு நுரை வந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக ஊறி எழுந்தது, நகக்கண்ணில் ரத்தம் கசிகிற மாதிரி. 3 செ.மீ. இருக்கும். சரி, இதுதான் என்று எழப்போனேன். நாலு விரல் தள்ளி, பஞ்சர் கடைக்காரர் தட்டிய இடத்தில் இன்னொரு கோடு. மெல்லியது. ஆனால் விளிம்பில் தொடங்கி உள்ளே, சக்கரத்தின் நடுப்பக்கம் நோக்கிப் போகிறது. அதில் காற்றும் கசியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை.

வார்ப்படம் · புதன் இரவு 10.40

சுத்தியல் தட்டும்போது உலோகம் மேலே இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், அதனால்தான் காற்று கசியவில்லை. பெயிண்டை எடுத்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பல கடைகளில் பெயிண்டுக்கு மேலேயே சாயம் அடித்துவிட்டு 'ஒன்றுமில்லை சார்' என்பார்கள். அந்த வீலைக் கழித்துவிடுங்கள். பின்பக்கம் ஜேடபிள்யூஎல் என்று பொறித்திருக்கும், ஜப்பான் தரம். வளைவுச் சோதனை, சுமையோடு ஓடும் சோதனை, 13 டிகிரி சாய்வில் மோதல் சோதனை எல்லாம் தாண்டிய வடிவத்துக்குக் கொடுப்பது அந்த முத்திரை. இரண்டு வெல்டு வைத்த வீலுக்கு அது பொருந்தாது.

கோவை_ஆர்கான் · புதன் இரவு 11.05

இரண்டாவது கோடு நடுவை நோக்கிப் போகிறது என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதல் கோடு மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கும் வெல்டு வைத்துத்தான் கொடுப்பேன்ங்க. அதை மாற்றிக்கொள்ளவில்லை.

வார்ப்படம் · புதன் இரவு 11.10

இரண்டாவதை யார் பார்த்தது? 1,800 ரூபாய்க் கடை பார்த்திருக்குமா?

கோவை_ஆர்கான் · புதன் இரவு 11.12

அந்தக் கடைக்கு நான் ஜாமீன் இல்லை. மூன்று டப்பா என் பட்டறையிலும் இருக்கிறது.

மஞ்சள்போர்டு · வியாழன் காலை 6.30

15-க்கு இறங்குங்கள் தம்பி. 185/65 ஆர்15 போட்டால் மொத்த உயரம் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. டயரின் பக்கச் சுவர் 107 மி.மீ.யிலிருந்து 120 ஆகும். பள்ளத்தில் ரிம்முக்கு முன் ரப்பர் அடி வாங்கும். உங்கள் வண்டியின் கீழ் வேரியன்ட் 15-இல் வருகிறதா, அதே பிரேக்கா என்று மட்டும் பாருங்கள். ஜி.பி. ரோட்டில் செட்டாக வாங்கினால் பிசிடி (நட்டுத் துளைகள் இருக்கும் வட்டத்தின் அளவு) சரியாக இருக்கிறதே என்று தூக்கிவராதீர்கள், நடுத்துளையும் ஆஃப்செட்டும் (ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு) பாருங்கள். நட்டு உட்காரும் முகம் கூம்பா உருண்டையா என்பதையும். மாற்றிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை டார்க் ரெஞ்சில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய ரிம்மை என்ன செய்யப் போகிறீர்கள்? முழுசாக யாரிடமும் கொடுக்காதீர்கள். நாளைக்கே புதுப்பேட்டையில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று தொங்கும்.

வண்டலூர்வாசி · சனி மாலை 5.20

இப்போதைக்குப் புது வீல் ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டேன். கிளெய்ம் போடவில்லை. 375 ரூபாய்க்காக சர்வேயரோடு அலைய முடியாது. 15 இஞ்ச், இந்த டயர்கள் தேய்ந்த பிறகு, அண்ணன் சொன்னபடி.

பழைய ரிம்மை ஆக்ஸா பிளேடு வாங்கி நானே அறுக்கப் போனேன். அரை மணி நேரத்தில் பாதி ஸ்போக்தான் ஆனது. காயலான் கடைக்கு எடுத்துப்போய், எதிரிலேயே கட்டரால் இரண்டாக அறுத்த பிறகுதான் காசு வாங்குவேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், அறுத்தார். 8 கிலோ 600 கிராம், கிலோ 140. அங்கேயே 15 இஞ்ச் இரும்பு ரிம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதையும் தராசில் வைக்கச் சொன்னேன்.

8 கிலோ 300. மஞ்சள்போர்டு அண்ணா, கையைத் தூக்குகிறேன்.