கருப்பிக்கு உண்ணிக் காய்ச்சல்

மாலதி: நம் நாய் கருப்பி நேற்றிலிருந்து சோறு தொடவில்லை. இப்போது மூக்கில் ரத்தம் வடிகிறது. வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறாள்.

செல்வராஜ் சார்: யாரோ கல்லால் அடித்திருப்பார்கள்.

ரமேஷ்: காய்ச்சலாக இருந்தால் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

நித்யா: வேண்டவே வேண்டாம் அண்ணா! நாய்க்கு அது கல்லீரலையும் சிவப்பணுவையும் கெடுத்துவிடும். மாலதி அக்கா, ஈறு எப்படி இருக்கிறது?

மாலதி: வெளுத்துப் போயிருக்கிறது. காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி.

நித்யா: அப்படியானால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் இறங்கும். டெங்குவில் போலவே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும், அதனால்தான் மூக்கில் ரத்தம். இன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ரமேஷ்: ஆட்டோ பிடித்து வருகிறேன் அக்கா.

மாலதி: டாக்டரிடம் காட்டியாயிற்று. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியாதான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள்.

செல்வராஜ் சார்: மெடிக்கலில் அந்த மாத்திரையையே வாங்கி மற்ற நாய்களுக்கும் கொடுத்துவிடலாமே?

நித்யா: ரத்தம் பார்க்காமல் கூடாது சார். இதே உண்ணி பபேசியா என்ற இன்னொரு கிருமியையும் பரப்பும். அது சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும், அதற்கு மருந்தே வேறு. அதில் கிப்சோனி என்ற வகையை உலகுக்கு முதலில் சொன்னதே நம் ஊரிலிருந்துதான். 1910இல் பேட்டன் என்பவர் மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் கண்டார், பிறகு நரியின் ரத்தத்திலும். நாய்கள் கடித்துச் சண்டை போட்டாலும் அந்த வகை பரவும். மற்ற நாய்கள் சோர்ந்தால் சொல்லுங்கள், அவற்றையும் பரிசோதிப்போம்.

பரிமளா மாமி: என் பேரன் கருப்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பானேம்மா. அவனுக்கு ஒட்டுமா?

நித்யா: தொட்டால் ஒட்டாது மாமி. ஆனால் உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்க விடாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

மாலதி: டாக்டர் உண்ணிக்கும் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்.

நித்யா: நல்லது அக்கா. ஆனால் நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. அந்த உண்ணி ரத்தம் குடித்ததும் இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளியும், ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வாட்ச்மேன் அறைச் சுவர் முழுக்க வெடிப்பு. அதைப் பூசாவிட்டால் அடுத்த மாதம் குட்டிகளுக்கும் வரும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

செல்வராஜ் சார்: நாளை கொத்தனாரை அனுப்புகிறேன். செலவைப் பராமரிப்புக் கணக்கில் எழுதிவிடலாம். பூசுவதற்கு முன் மருந்து அடிக்க வேண்டுமா?

நித்யா: ஆமாம் சார், அன்று நாய்களை வேறு பக்கம் கட்டி வைக்க வேண்டும்.

பரிமளா மாமி: ராத்திரி மாத்திரையை நான் பாலில் கரைத்துக் கொடுக்கட்டுமா?

நித்யா: பால் அந்த மருந்தைச் சேர விடாது மாமி. வேகவைத்த கோழித் துண்டுக்குள் வையுங்கள், பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் வேண்டாம். தேறிவிட்டாள் என்று நடுவில் நிறுத்தாதீர்கள், 28 நாளும் போக வேண்டும்.

பரிமளா மாமி: சரிம்மா. ரமேஷ், வரும்போது அரைக் கிலோ கோழி வாங்கி வா.