யானையைப் பார்க்கப் போனால் முதலில் காலைப் பாருங்கள்

கோயில் யானை நாகஸ்வரத்துக்குத் தலையாட்டுகிறது என்று கூட்டம் ரசிக்கும். வாசிப்பு நின்ற பிறகும் பத்து நிமிடம் நில்லுங்கள், ஆட்டம் நிற்காது. ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் யானைக்கு வரும் பழக்கம் அது. காட்டு யானைக்கு அதற்கு நேரம் ஏது? பகலிலும் இரவிலும் பெரும்பொழுது மேய்ச்சலிலேயே போய்விடும்.

ஆசிய யானைக்குப் பொதுவாக முன்காலுக்கு 5, பின்காலுக்கு 4 என 18 நகம். காட்டில் மண்ணிலும் ஓடை மணலிலும் நடந்தே அவை தேய்ந்துவிடும். கருங்கல் தரையில் நிற்கும் யானைக்குத் தேய்மானம் இல்லை, எடை மட்டும் இறங்கும். மூத்திர ஈரத்தில் பாதத்தோல் நைந்து, வெடிப்பில் கல் ஏறி, உள்ளே சீழ் பிடிக்கும். நகத்துக்கு மேல் வீக்கம் தெரிகிற நாளில் புண் பழசாகியிருக்கும். தினமும் படுக்கவைத்துத் தேய்க்கும்போதே ஒவ்வொரு நகத்தின் இடுக்கையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து நகங்கள் ஒன்றையொன்று முட்டினால் அரம் போட வேண்டும். இரவில் படுக்க மண் மேடு கட்டாயம்; வெறும் சிமென்ட் என்றால் படுக்கவே தயங்கும்.

——

கால் சரி அண்ணே, லத்தியை, அதான் யானைச் சாணத்தை, விட்டுட்டீங்களே! பிட்டுப் பார்த்தால் நார் நீளநீளமாக இருக்கிறதா? கடைவாய்ப்பல் சரியாக அரைக்கவில்லை என்று அர்த்தம். அரை நாளாக லத்தியே போடவில்லை, தீனியும் தொடவில்லை என்றால் மலக்கட்டு. மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. தென்னை மட்டையை மட்டுமே போட்டு, தண்ணீரும் குறைத்தால் இதுதான் நடக்கும். முதுமலை தெப்பக்காடு முகாமில் ராகி, கொள்ளுக் களியோடு வெல்லமும் உப்பும் சேர்த்து உருண்டை கொடுப்பார்கள். ஆனால் வயிறு நிரம்புவது காட்டில்தான்: புல், மூங்கில், மரப்பட்டை. சங்கிலியை இழுத்துக்கொண்டு மேயப் போன யானையை, பாகனும் காவடியும் (உதவிப் பாகன்) அந்தச் சங்கிலித் தடம் பார்த்தே தேடிப் பிடிப்பார்கள்.

——

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். இருமல் உள்ளவர் தும்பிக்கையில் ஆசி வாங்கப் போகக் கூடாது. பாகனுக்கும் காவடிக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சளிப் பரிசோதனை வேண்டும். மதநீர் ஒழுகும் ஆண் யானை காட்டில் பெண் யானையைத் தேடி வெகுதூரம் நடந்துவிடும். கட்டுத்தறியில் அதற்கு நான்கடி வட்டம்தான். அந்த நாட்களில் தண்ணீர்த் தொட்டியைத் தும்பிக்கைக்கு எட்டாத தூரத்திலிருந்து குழாய் போட்டு நிரப்புங்கள்.