உயர்ரக ஸ்பீக்கர்: கடையில் கேட்டதும் வீட்டில் கேட்டதும்

நங்கநல்லூர் உறுப்பினர்:

எங்கள் மாடி அறை 14 அடி நீளம், 11 அடி அகலம். மொசைக் தரை, சிமென்ட் பூசிய செங்கல் சுவர், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. கேட்பது பெரும்பாலும் பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள். முதலில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. அறையைச் சொல்லாமல் எந்த ஸ்பீக்கர் நல்லது என்று கேட்டால் பதிலே கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஷோரூமில் நெஞ்சு உயர டவர் ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டேன். பெரிய ஹால், தரை முழுக்கக் கம்பளம், சுவரில் பஞ்சுப் பலகை. அவர்கள் போட்டது மேல்நாட்டு டிரம் ஒலிப்பதிவு. பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த டிரம்மை நான் நேரில் கேட்டதே இல்லை, சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது? கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதன் பாட்டைப் போடச் சொன்னேன். தாழ்ந்த சுருதியில், அவசரமே இல்லாமல் பாடும் அந்தக் குரலைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மந்தர ஸ்தாயியில் இறங்கும்போது குரலுக்குக் கனம் இருக்கிறதா, வெறும் முனகலாகிவிடுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். டவரில் கனம் இருந்தது. பக்கத்தில் இருந்த, கெஃப் கம்பெனியின் புக் ஷெல்ஃப் எனும் சின்ன ஸ்பீக்கரில் கனம் கொஞ்சம் குறைவு, ஆனால் குரல் இன்னும் தெளிவு. முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டையும் வார இறுதிக்கு வீட்டுக்குக் கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, கேட்கக் கூச்சப்படவே கூடாது.

வீட்டில் கதை தலைகீழ். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், கும்கி எனும் அழுத்தி நெளிக்கும் ஒலி வரும்போதெல்லாம் டவர் அறையையே முழங்க வைத்தது. பாடகர் பாட்டுக்குப் பாட, தொப்பி மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. குறை டவரில் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 14 அடி இருந்தால் 40 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 40 அதிர்வு) அதன் மடங்கான 80-லும் ஒலி தானாகவே பெருகும். 11 அடிக்கு அது 51 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஒலி தரும் பெரிய வூஃபர் அந்த இடத்தில்தான் தாராளமாகக் கொடுக்கிறது, அறையும் தன் பங்குக்கு ஏற்றிவிடுகிறது. ஷோரூம் ஹாலின் அளவே வேறு என்பதால் அங்கே இது காதில் படவில்லை.

சின்ன ஸ்பீக்கரில் வேறு விஷயம் கிடைத்தது. கெஃப் 1988-லிருந்து செய்துவரும் யூனி-க்யூ அமைப்பில், உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர் தனியாக மேலே இல்லாமல் கூம்பின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும். ஏழெட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் அறைக்கு இது பெரிய வசதி. குரலின் அடியும் மேலும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன, நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் கலைவதில்லை.

ஆனால் அதிலும் முதல் நாள் ஷட்ஜம், அதாவது ‘ச’ சுரம், மெலிந்து கேட்டது. இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், நம் சங்கீதத்துக்கு இது அவ்வளவு முக்கியம். ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் இரண்டடி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியோடு மோதி அதைக் கரைத்துவிடும். ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஷட்ஜம் 139 ஹெர்ட்ஸ்! கச்சேரி முழுக்க பாடகர் வந்து வந்து நிற்கும் இடமே அதுதான். ஸ்டாண்டை முன்னால் இழுத்து இடைவெளியை மூன்றடி ஆக்கியதும் ஒலி கரையும் அந்தப் பள்ளம் 94 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அது மந்தர மத்யமத்துக்கு (கீழ் ‘ம’) பக்கம், பாடகர் அங்கே நிற்பது அபூர்வம். ஷட்ஜம் நிமிர்ந்து நின்றது. பைசா செலவில்லை.

இன்னொன்று, ஒப்பிடும்போது வால்யூம் எண்ணை நம்பாதீர்கள். டவரின் சென்சிட்டிவிட்டி (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது) 90 டெசிபல், சின்னதுக்கு 85. அதே எண்ணில் வைத்தால் டவர்தான் சத்தமாகக் கேட்கும், சத்தமாகக் கேட்பதுதான் காதுக்கு நல்லதாகப் படும். பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சலைப் போட்டு, போனில் டெசிபல் மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கடையில் நான் பார்த்த வித்தியாசத்தில் பாதி அதிலேயே காணாமல் போனது.

மயிலாப்பூர் உறுப்பினர்:

நங்கநல்லூர் சார் சொன்ன ஷட்ஜக் கணக்கை நேற்றே டேப் பிடித்து அளந்து பார்த்தேன். எங்கள் அறை அவருடையதைவிடச் சின்னது, மூன்றடி முன்னால் இழுத்தால் கதவு திறக்காது. அதனால் நான் வேறு வழியில் போனேன்.

எங்களிடம் இருப்பது எல்எஸ்3/5ஏ வகை. பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த குட்டி ஸ்பீக்கர். வேனுக்குள் இடம் கிடையாது, உட்கார்ந்திருப்பவர் அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதால் பேச்சுக் குரலில் அப்படியொரு நேர்மை. பெட்டியில் துளை கிடையாது, முழுக்க மூடியது. பின்னால் துளை வைத்த பெட்டியைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் முழங்கும், இது அவ்வளவாக முழங்காது. சென்சிட்டிவிட்டி 83-க்குள்தான், நல்ல ஆம்ப்ளிஃபயர் தேவை. கீழ் ஸ்தாயி ஆழமாக வராது, தவில் கேட்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். என் அக்கா பாட்டு வாத்தியார். பால்கனியில் எதிரொலி இல்லாத மூலையில் அவரை நிற்க வைத்து, மளிகைச் சாமான் பட்டியலைப் படிக்கச் சொல்லி ரெக்கார்டரில் பதிந்தேன். அப்புறம் அறைக்குள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று அக்காவே அதைப் படித்தார், உடனே பதிவையும் போட்டோம். விலை அதிகமான ஒன்றில் அக்காவின் ‘ச’, ‘ஸ’ எல்லாம் சீறின. ஒன்றில் அக்காவுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி மூக்கால் பேசினார். இந்தக் குட்டியில்தான் அம்மா சமையல்கட்டிலிருந்து, "இன்னும் எத்தனை தடவைடி துவரம்பருப்பு வாங்கணும்?" என்று குரல் கொடுத்தார். அதோடு முடிவு எடுத்துவிட்டேன்.

வேளச்சேரி உறுப்பினர்:

நான் சினிமாப் பாட்டு ஆள். இளையராஜாவின் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு அது பாட்டே இல்லை. ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். டவரை விட்டுவிட்டு, புக் ஷெல்ஃப் ஒரு ஜோடியும் தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான மூடிய பெட்டி சப்வூஃபர் ஒன்றும் வாங்கினேன். சப்வூஃபரை அறை ஒத்துக்கொள்ளும் இடத்தில் தனியாக நகர்த்தி வைக்கலாம், இரவில் அதை மட்டும் குறைக்கலாம்.

பழைய உயர்ரக ஸ்பீக்கர் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடியின் வூஃபர் ஓரத்தில் ஃபோம் வளையம் இருந்தது. விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் ஃபோம் தாங்காது. ரிச்சி தெரு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் புது வளையம் ஒட்டிக் கொடுத்தார், நன்றாகவே பாடுகிறது. ஆனாலும் வாங்கும்போதே ரப்பர் வளையமா என்று துணி கிரில்லைக் கழற்றிப் பாருங்கள்.

பெசன்ட் நகரில் நண்பர் வீட்டில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் கேட்டிருக்கிறேன். வூஃபர், ட்வீட்டர் எதுவும் கிடையாது, மெல்லிய சவ்வு ஒன்று அசைகிறது, அவ்வளவுதான். வயலின் வில் கம்பியில் உரசுவது அப்படிக் கேட்டதில்லை. ஆனால் சவ்வில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்பதால் தூசியை இழுக்கும், கடல் காற்றின் ஈரமும் அதற்கு ஆகாது. அவர் அந்த அறையில் ஏசியை டிரை மோடில் ஓட விடுகிறார். அந்தப் பராமரிப்பு செய்ய முடிந்தால் எடுங்கள்.

நங்கநல்லூர் உறுப்பினர்:

மயிலாப்பூர் சார், அக்கா குரல் சோதனையை நானும் வீட்டில் செய்யப் போகிறேன். எதை எடுத்தேன் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: சின்னதைத்தான் எடுத்தேன். மிச்சமான பணத்தில் தரைக்குக் கம்பளி விரிப்பு, அலமாரிக் கண்ணாடிக்குக் கனமான திரை. மின்விசிறி ஓடினால் தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அடிபடுகிறது, ஆலாபனை கேட்கும்போது அதை நிறுத்திவிடுகிறேன். மே மாதத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சத்தமில்லாத ஏசி யாராவது வைத்திருந்தால் எந்த மாடல் என்று சொல்லுங்கள்.