பி.காம் முடிக்கப் போகிறேன், கொயர் கண்டக்டர் வேலைக்குப் போக வழி உண்டா?

மஞ்சக்குப்பம்_பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கடலூர், பி.காம் கடைசி வருஷம். எங்கள் ஏ.எல்.சி. (ஆற்காடு லூத்தரன்) சபைக் கொயரில், அதாவது பல குரலில் பாடும் சேர்ந்திசைக் குழுவில், சின்ன வயதிலிருந்து பாடுகிறேன். கொயர் மாஸ்டர் துபாய்க்கு வேலைக்குப் போனதும் ஐயர் (சபைப் போதகர்) என்னைக் கூப்பிட்டு "இனி நீயே பார்த்துக்கொள் தம்பி" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் எல்லாம் என் தலையில். சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆல்ட்டோவில் (பெண்களின் கீழ்க் குரல்) நாலு அக்காமார், கெட்டி. டெனரில் (ஆண்களின் மேல் குரல்) இரண்டே பேர், அதில் ஒருவனுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் மாறினால் அந்த வாரம் டெனர் அம்போ.

கொஞ்ச நாளாக யூடியூபில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கொயர்களின் ஒத்திகைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கச்சேரியைவிட ஒத்திகைதான் எனக்குப் பிடிக்கிறது. பேராசிரியர் பாட்டை நிறுத்தி ஆல்ட்டோவிடம் மட்டும் இரண்டு வார்த்தை சொல்கிறார், திரும்பப் பாடும்போது மொத்தக் குழுவின் சத்தமே மாறிவிடுகிறது. அவருக்கு உத்தியோகமே இதுதான், மாதச் சம்பளத்தோடு!

அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், பாண்டி, கடலூர், சென்னைப் பக்கம் அப்படி ஒரு வேலை இருக்கிறதா, பி.காம் டிகிரியை வைத்துக்கொண்டு இசைப் பக்கம் திரும்ப முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா குரூப் 2 எழுது என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது.

----

பழைய_ஆர்மோனியம் எழுதியது:

தம்பி, நான் பாண்டிச்சேரி. அமெரிக்காவில் கோரல் கண்டக்டிங்கில் (கொயர் நடத்தும் படிப்பு) மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுத் திரும்பி வந்து இப்போது பள்ளியில் இசை சொல்லித் தருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வீடியோவில் பார்ப்பது அந்த வேலையின் சின்னப் பகுதி. அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் கொயர் டைரக்டர் என்றால் இரண்டு மூன்று கொயர்கள் கையில் இருக்கும், குரல் தேர்வு வைத்து எடுத்தது ஒன்று, யார் வேண்டுமானாலும் சேரக்கூடியது ஒன்று. அதற்கு மேல் கண்டக்டிங் வகுப்பு, பள்ளி இசை ஆசிரியராகப் போகிற மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறை பற்றிய வகுப்பு, அந்த மாணவர்கள் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தும்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதுவது. அப்புறம் அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிப்பது, சுற்றுப்பயணத்துக்கு பஸ் பேசுவது, ஸ்கோர் (பாட்டின் இசைத்தாள்) வாங்கும் கணக்கு. இந்தக் கடைசி ஐட்டத்துக்கு உங்கள் பி.காம் கை கொடுக்கும், கிண்டலாகச் சொல்லவில்லை.

படிப்பு என்றால் இளநிலை இசை, பிறகு இரண்டு வருட மாஸ்டர்ஸ், பிறகு டி.எம்.ஏ. எனப்படும் முனைவர் பட்டம். நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு டி.எம்.ஏ. இருந்தால்தான் பெரும்பாலும் விண்ணப்பத்தையே பார்ப்பார்கள், பல இடங்களில் பள்ளியில் பாடம் நடத்திய அனுபவமும் கேட்பார்கள். பதவி உறுதியாவதற்கு அதற்கு மேல் ஐந்தாறு வருடம். டி.எம்.ஏ. முடித்தும் நிரந்தர இடம் கிடைக்காமல், இத்தனை வகுப்புக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பாடம் எடுப்பவர்கள் அங்கேயும் ஏராளம். பணம் கட்டிப் போகாதீர்கள். மாஸ்டர்ஸ், டி.எம்.ஏ. இரண்டுக்குமே உதவியாளர் இடங்கள் உண்டு, இரண்டாவது கொயரை நீங்கள் நடத்தினால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து செலவுக்கும் கொஞ்சம் தருவார்கள். அது கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பாருங்கள்.

சரி, அந்தப் பேராசிரியர் ஆல்ட்டோவிடம் என்ன சொல்லியிருப்பார்? பெரும்பாலும் உயிரெழுத்தைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் கொயரிலேயே சோதித்துப் பாருங்கள். 'அல்லேலூயா'வின் கடைசி 'யா'வை நாலு பேர் நாலு விதமாக வாய் திறந்து பாடுவார்கள், ஒருத்தர் 'யே'வுக்குப் பக்கத்தில் நிற்பார், ஒருத்தர் தொண்டைக்குள்ளேயே உருட்டுவார். கேட்பவருக்குச் சுருதி சேரவில்லை என்று தோன்றும். உண்மையில் சுருதி சரியாகவே இருக்கும், வாய்தான் சேரவில்லை. "சுருதி பிசகுகிறது, கவனியுங்கள்" என்று அதட்டினால் பயந்து இன்னும் கீழே இறங்குவார்கள். அதற்குப் பதில் "தாடையை இறக்கி, கன்னத்தைச் சும்மா விட்டு, என்னைப் பார்த்து ஒரே 'யா'" என்று சொன்னால் பாதி சரியாகிவிடும். கண்டக்டரின் படிப்பு இதுதான்: கோளாறு எங்கே என்று காதால் கண்டுபிடிப்பது, அதைச் சரிசெய்ய பாடுபவர் உடம்பில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது. கையசைப்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், காதுக்குப் பத்து வருஷம் ஆகும்.

ஒன்று கேட்கிறேன், ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) படிப்பீர்களா? கீபோர்டில் சுருதியைத் தானாக மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்காமல் வாசிப்பீர்களா?

----

நெல்லித்தோப்பு_சந்தேகம் எழுதியது:

பழைய_ஆர்மோனியம் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி கேட்ட இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லை. நம் பக்கம் கொயர் கண்டக்டர் என்ற பெயரில் சம்பளப் பட்டியலில் இடம் இருக்கிற பல்கலைக்கழகம் எதையும் நான் பார்த்ததில்லை, இருப்பது இசை ஆசிரியர் வேலை. நானும் ஒரு தனியார் பள்ளியில் அந்த வேலை பார்த்தவன்தான். ஆண்டு விழா வந்தால் ராஜா மாதிரி கவனிப்பு, பரீட்சை வந்தால் "மியூசிக் பீரியடை மேத்ஸுக்குக் கொடுங்கள்", மே மாதம் வந்தால் சம்பளம் கிடையாது. இப்போது இன்சூரன்ஸில் இருக்கிறேன், சாயங்காலம் கீபோர்டு டியூஷன். அதில் வருவது அந்தப் பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம்.

கேந்திரிய வித்யாலயாவில் பி.ஆர்.டி. மியூசிக் (தொடக்க வகுப்பு இசை ஆசிரியர்) என்று ஒரு பதவி உண்டு, மத்திய அரசு வேலை, ஆனால் இசையில் டிகிரி கேட்பார்கள். அப்பாவைச் சமாதானப்படுத்த நல்ல சீட்டு அது.

----

சிதம்பரம்_வயலின் எழுதியது:

நெல்லித்தோப்பார் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பதவி இல்லாவிட்டால் என்ன, எம்.பி. சீனிவாசனுக்கு யார் பதவி கொடுத்தார்கள்? சினிமாவுக்கு இசையமைத்தவர், சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர், அந்த மனிதர் 1971-ல் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதி பாட்டையெல்லாம் பல குரல்களுக்குப் பிரித்து எழுதி, இசை படிக்காத பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் நிறுத்திப் பாட வைத்தார். 1988-ல் இறந்ததுகூட லட்சத்தீவில், அங்கே பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில். பாரதி பத்து வருஷம் உட்கார்ந்து எழுதிய பாண்டிச்சேரியில் அந்தப் பாட்டுகளை நாலு குரலில் தினமும் பாட ஒரு கல்லூரிக் கொயர் இருக்க வேண்டாமா? எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

தம்பி, கர்நாடக சங்கீதத்தை ஒதுக்காதீர்கள். இங்கே பல்கலைக்கழக வேலை வேண்டுமென்றால் முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), அதில் மியூசிக் தாளில் கர்நாடகம், இந்துஸ்தானி, ரவீந்திர சங்கீதம், தாளவாத்தியம் என்று பிரிவுகள் உண்டு, மேற்கத்திய இசைக்குத் தனிப் பிரிவு கிடையாது. அதனால் உள்ளே நுழையும் கதவு கர்நாடகம்தான். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வாய்ப்பாட்டில் டிகிரி வாங்குங்கள், உள்ளே போய்க் கொயர் தொடங்குங்கள்.

தொழிலுக்கும் அது தேவை. கீர்த்தனையை இருபது பேர் பாடும்போது கமகத்தை, அதாவது ஸ்வரத்தை ஆட்டிப் பாடுவதை, என்ன செய்வீர்கள்? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஆளுக்கொரு அளவில் ஆட்டினால் தேனீக்கூட்டில் கல் விட்ட மாதிரி இருக்கும். எந்த ஸ்வரத்தை ஆட்டுவது, எத்தனை தரம், எதை நேராக நிறுத்துவது என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்கத்தியப் பாடத்திட்டத்தில் இதற்கு விடை கிடைக்காது.

----

மஞ்சக்குப்பம்_பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி அண்ணா. ஸ்டாஃப் மெதுவாகப் படிப்பேன், எழுத்துக் கூட்டிப் படிப்பது போலத்தான். டானிக் சால்ஃபா (டோ ரே மி எழுத்துகளால் ஸ்வரம் எழுதும் முறை) சரளமாக வரும், எங்கள் தாத்தா காலத்து நோட்டுகளெல்லாம் அதில்தான். டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பற்றிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த டிகிரிக்கு மூன்று வருஷம் என்றால் வீட்டில் பூகம்பம் வரும். வேலைக்குப் போய்க்கொண்டே தயார் செய்ய முடியுமா?

----

வைசியாள்_வீதி எழுதியது:

முடியும் தம்பி. நான் பிரெஞ்சு டீச்சர், கண்டக்டர் இல்லை, ஆனால் என் மகள் இந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறாள், அதனால் சொல்கிறேன்.

அமெரிக்காவையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பிரான்சில் பல ஊர்களில் அரசு கான்செர்வத்துவார் (இசைப் பள்ளி) இருக்கிறது, அவற்றில் சிலவற்றில் கொயர் நடத்துவதற்கென்றே வகுப்பு உண்டு, கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மேலே போனால் லியோன் தேசிய கான்செர்வத்துவாரில் அதே துறையில் உயர் படிப்பு, நுழைவுத் தேர்வு கடுமை. பிரெஞ்சு மட்டும் நன்றாக வேண்டும், வகுப்பில் பேசுவது புரியாவிட்டால் கஷ்டம். பாண்டியில் பிரெஞ்சு சொல்லித்தரும் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும்போது கடலூரிலிருந்து சனிக்கிழமை வந்துபோக என்ன தடை? வீட்டில் தாத்தா பாட்டி யாருக்காவது பிரெஞ்சு குடியுரிமை இருந்ததா என்றும் விசாரியுங்கள், நம் ஊரில் அப்படிப் பேப்பரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

----

பழைய_ஆர்மோனியம் எழுதியது:

டானிக் சால்ஃபா சரளம் என்றால் உங்களுக்குப் பாதி வேலை குறைவு, தம்பி. அங்கே மாஸ்டர்ஸ் வகுப்பில் ஸ்டாஃபைப் பார்த்து டோ ரே மி பாட முடியாமல் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே செய்யலாம், இப்படி: லூத்தரன் சபைக்காரர் நீங்கள், ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுங்கள். அதில் பல மெட்டுகள் ஜெர்மன் கொராலே (லூத்தரன் சபைப் பாட்டு), அவற்றில் பலவற்றுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் நாலு குரலில் எழுதியது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஐ.எம்.எஸ்.எல்.பி., சி.பி.டி.எல். இரண்டிலும் தேடுங்கள். வாரத்துக்கு ஒன்று. மூன்று குரலைக் கீபோர்டில் வாசித்துக்கொண்டு நாலாவதை வாயால் பாடுங்கள், பிறகு குரலை மாற்றுங்கள். முதல் மாதம் அழுகை வரும். தமிழ் வரியைப் போடும்போது மட்டும் கவனம், நீளமான ஸ்வரத்தில் குறில் வந்து விழுந்தால் 'மனம்' 'மனாம்' ஆகிவிடும், அந்த மாதிரி இடங்களில் தாளத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதத் தயங்காதீர்கள்.

லண்டன் இசைத் தேர்வு வாரியங்களின் கிரேடு தேர்வு, டிரினிட்டியோ ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மோ எழுதுங்கள், ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடு வாசிப்புக்கு முன்னால் ஐந்தாம் கிரேடு தியரி கேட்பார்கள், அதனால் தியரியை முதலில் முடித்துவிடுங்கள். பி.காம் டிகிரியை வைத்து நேரடியாக மாஸ்டர்ஸ் கண்டக்டிங் கஷ்டம், பெரும்பாலான இடங்களில் இளநிலை இசைக்குச் சமமான படிப்பைக் காட்டச் சொல்வார்கள். சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடத்தில் டிப்ளமோவோ, சிதம்பரத்தார் சொன்ன டிகிரியோ, ஏதாவது ஒன்று இடையில் வேண்டியிருக்கும். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நெல்லித்தோப்பாருக்கு: மே மாதச் சம்பளம் என் பள்ளியிலும் இல்லாமல்தான் இருந்தது, அதைத் தருவதாகச் சேர்ந்த அன்றே எழுதி வாங்கிக்கொண்டேன்.

----

மஞ்சக்குப்பம்_பேஸ் எழுதியது:

அண்ணா, கடைசியாக ஒன்று. விண்ணப்பத்துக்கு வீடியோ கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எடுத்தது இருக்கிறது, கொயர் நன்றாகவே பாடியிருக்கிறது. அதை அனுப்பலாமா?

----

பழைய_ஆர்மோனியம் எழுதியது:

உங்கள் முதுகைத்தானே எடுத்திருப்பார்கள்? அது உதவாது. கேமரா கொயருக்கு நடுவில், உங்கள் முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கச்சேரி ஒரு பாட்டு போதும், ஒத்திகை பத்துப் பதினைந்து நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல். டெனர் தப்பாக நுழைந்து நீங்கள் நிறுத்திச் சரிசெய்வது அதில் இருந்தால் ரொம்ப நல்லது, அதைத்தான் அவர்கள் தேடுவார்கள். அடுத்த தடவை அவன் நுழைவதற்கு ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முன்னாலேயே அவனைப் பார்த்து, அவனோடு சேர்ந்து மூச்சை இழுங்கள். சிப்காட் தம்பிக்கு ஷிஃப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து எடுங்கள்.