சரிவான புல்தரையில் லான் டிராக்டர்: சக்கர எடை மாட்டினால் போதுமா?

மேட்டுவீடு (பென்சில்வேனியா)

வணக்கம். பிட்ஸ்பர்குக்கு வடக்கே சென்ற இலையுதிர்காலத்தில் வீடு வாங்கினோம். ஏறக்குறைய ஒரு ஏக்கர். முன்பக்கம் சமதளம், பின்பக்கம் ஓடையை நோக்கி இறங்குகிறது. முந்தைய வீட்டுக்காரர் தம்முடைய லான் டிராக்டரையும் (ஏறி உட்கார்ந்து புல் வெட்டும் வண்டி) எங்களுக்கே விற்றுவிட்டார். 42 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டுப்பகுதி), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர், பின்னால் புல் சேகரிக்கும் இரட்டைப் பை.

போன வாரம் பனி ஈரம் காயாத காலையில் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. புல்லின்மேல் வழுக்கிக்கொண்டே போய் வேலியருகே சமதளத்தில்தான் நின்றது. பின்சக்கரங்களுக்கு இரும்பு எடை மாட்டுவதா, டயருக்குள் திரவம் நிரப்புவதா, சங்கிலி சுற்றுவதா? கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியுமா? இன்னொன்று: வழியில் கிடக்கும் கிளையை எடுக்க எழுந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கிறது. எல்லா வண்டியிலும் அப்படித்தானா?

ஜூனில் அப்பா திருநெல்வேலியிலிருந்து வருகிறார். ஊரில் பெரிய டிராக்டரே ஓட்டியவர். நான்கு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இதில் ஒரு சுற்று வர வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பழைய ஸ்பானர் (ஒஹாயோ)

எடையைப் பிறகு பேசலாம் தம்பி. எழுந்தாலும் இன்ஜின் நிற்கவில்லை என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இங்கே சிறிய இன்ஜின்கள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கைமாறி வரும் வண்டிகளில் நான் முதலில் இருக்கையைத் தூக்கித்தான் பார்ப்பேன்.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு சுழலும்போதோ, பார்க்கிங் பிரேக் போடாதபோதோ ஓட்டுபவர் எழுந்தால் அது இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மேடு பள்ளத்தில் இருக்கை துள்ளும்போதெல்லாம் இன்ஜின் நின்றுபோவது சிலருக்கு எரிச்சல். சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் சரிவில் தூக்கி எறியப்பட்டாலும் பிளேடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கம்பி இருந்தால் பிடுங்கிவிட்டு, உங்கள் வண்டியின் மாடல் எண்ணுக்குரிய புதிய சுவிட்சைப் போடுங்கள். விலை அதிகமில்லை. பிறகு சமதளத்தில், சுற்றிலும் யாரும் இல்லாதபோது, வண்டியை ஓட்டாமல் பிளேடை மட்டும் இயக்கி, பாதம் பலகையை விட்டு அகலாமல் இருக்கையிலிருந்து லேசாக எழும்பிப் பாருங்கள். இன்ஜின் நிற்க வேண்டும், பிளேடு 5 வினாடிக்குள் அடங்க வேண்டும். இந்நாட்டுத் தரநிலை கேட்பது அதைத்தான். அடங்காவிட்டால் பிளேடு கிளட்ச்சையும் பார்க்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது பிளேடை நிறுத்தும் அமைப்பையும் அப்படியே சோதியுங்கள்.

இப்போது வழுக்கலுக்கு வருகிறேன். இந்த வண்டிகளில் இழுவையும் பிரேக்கும் பின்சக்கரங்களில்தான். இறங்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடி குறைகிறது. ஈரப்புல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்காமல் என்ன செய்யும்? பின்சக்கர எடை இதற்கு ஓரளவு உதவும். சக்கரத்தோடு தாழ்வாக உட்காருவதால் வண்டியின் பாரமையமும் சற்று இறங்கும். டயருக்குள் திரவம் நிரப்பினாலும் அதே பலன்தான். ஆனால் வெறும் தண்ணீர் உங்கள் ஊர்க் குளிரில் உறைந்துவிடும், கால்சியம் குளோரைடு கரைசல் ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும். உறையாத பீட்ரூட் சாற்றுக் கரைசலைப் பண்ணை டயர்க் கடைகளில் நிரப்பித் தருகிறார்கள். டயரில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. சங்கிலி பனி தள்ளத்தான், புல்தரையைக் கிழித்துவிடும். எதை வாங்கும் முன்பும் கையேட்டில் உங்கள் மாடலுக்கு எவ்வளவு எடை அனுமதி என்று பாருங்கள். சிறிய வண்டிகளின் ட்ரான்சாக்ஸில் (கியரும் பின் அச்சும் சேர்ந்த பெட்டி) மெலிந்தது, கூடுதல் பாரத்தோடு மேடேறினால் சூடாகித் தேய்ந்துவிடும்.

அந்த இரட்டைப் பையை மறந்துவிடாதீர்கள். ஈரப்புல் நிறைந்த பையோடு மேடேறினால் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. அதனால்தான் பல நிறுவனங்கள் பை மாட்டினால் முன்பக்கம் எடை போடச் சொல்கின்றன. முந்தைய வீட்டுக்காரர் அதைக் கொடுத்தாரா?

எடை எவ்வளவு போட்டாலும் சரிவின் வரம்பு மாறாது. பெரும்பாலான கையேடுகளில் அது 15 டிகிரி. ஒரு மீட்டர்ப் பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மட்டம் பார்த்துப் பிடியுங்கள். மறுமுனைக்குக் கீழே 27 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதுதான் 15 டிகிரி. அதற்கு மேல் இருந்தால் அங்கே இந்த வண்டிக்கு வேலை இல்லை. எடை மாட்டிய தைரியத்தில் இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கறுப்புமண் (நியூயார்க் மாநிலம்)

ரோல் பார் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் இருப்பது உங்களுடையதைவிட ஒரு படி பெரிய டிராக்டர், மடக்கக்கூடிய ரோல் பாரும் சீட் பெல்ட்டும் அதோடு வந்தவை. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு ரோல் பாரைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் உங்கள் வண்டியின் அடிச்சட்டம் தகட்டை மடித்துச் செய்தது. கவிழும் வேகத்தைத் தாங்கும்படி போல்ட் போட அதில் இடமில்லை. ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்துப் பற்றவைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சோதிக்கப்படாத இரும்பு அடிபடும்போது ஒடிந்துவிடும், மேலே பாரத்தையும் ஏற்றும். தனியாகப் பெல்ட் வாங்கி மாட்டுவதும் வேண்டாம். ரோல் பார் நிமிர்ந்து நிற்கும் வண்டியில் பெல்ட் உங்களைப் பாதுகாப்பான இடத்துக்குள் பிடித்து வைக்கிறது. ரோல் பார் இல்லாத வண்டியில் அதே பெல்ட் உங்களை வண்டிக்கு அடியில் கட்டிப்போடும்.

அப்பா பெரிய டிராக்டர் ஓட்டியவர் என்பதால் இதையும் சொல்லிவையுங்கள். மரத்தின் அடிக்கட்டையை இழுக்க அச்சிலோ இருக்கைச் சட்டத்திலோ கயிறு கட்டவே கூடாது, பின்னால் தாழ்வாக இருக்கும் கொக்கியில் மட்டும்தான். உயரத்தில் கட்டி இழுத்தால் முன்பக்கம் எழும்பும். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும், முக்கால் வினாடியிலேயே மீட்கும் நிலை கடந்துவிடும். கிளட்ச்சுக்குக் கால் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வாசல்கோலம் (மிச்சிகன்)

தம்பி, குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பேத்தியை மடியில் வைத்து ஓட்ட அனுமதிக்காதீர்கள். பிளேடை நிறுத்திவிட்டு ஒரே ஒரு சுற்று என்றாலும் வேண்டாம். ஒரு முறை ஏறிய குழந்தை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் தாத்தாவைத் தேடி வண்டிக்குப் பின்னால் ஓடி வரும். தாத்தா அந்த நேரம் பின்னோக்கி வந்துகொண்டிருப்பார். எங்கள் வார்டுக்கு வரும் பாதங்களைப் பார்த்தவள் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை தெளிவானது: ஏறி ஓட்டும் வண்டியைத் தொட 16 வயதாக வேண்டும், பயணியாகக் குழந்தைகளை ஏற்றவே கூடாது, புல் வெட்டும்போது ஆறு வயதுக்குட்பட்டவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அப்பாவிடம் நீங்கள் சொன்னால் மனம் வருந்துவார் என்றால் மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள். பேத்தியோடு தக்காளி நடச் சொல்லுங்கள், ஜூன் அதற்கு நல்ல மாதம்.

மேட்டுவீடு

எல்லோருக்கும் நன்றி. இருக்கையைத் தூக்கினேன். அண்ணன் சொன்னபடியே கம்பி, அதன்மேல் கறுப்பு டேப் வேறு. பிடுங்கிவிட்டேன், புதிய சுவிட்சுக்குச் சொல்லியிருக்கிறேன். முன் எடை தாங்கும் சட்டம் கொட்டகையில் இருக்கிறது, எடைகளைக் காணவில்லை. சரிவை அளந்தேன். மேல்பகுதி 11 டிகிரி, ஓடைக்கரையை ஒட்டிய பகுதி 19. அக்கா, அப்பாவிடம் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தக்காளி விதை கொண்டுவரட்டுமா என்றார்.

அந்த 19 டிகிரிப் பகுதியை என்ன செய்வது?

பழைய ஸ்பானர்

11 டிகிரியில் புல் காய்ந்தபின் மட்டும், மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். சரிவில் நின்று கிளம்புவதையும் திரும்புவதையும் தவிர்த்துவிடுங்கள். பிடி விட்டுப்போனால் பிளேடை அணைத்துவிட்டு, மெதுவாக நேராகக் கீழே இறங்குங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்காகப் பின்னால் ஒரு விடுப்பு நெம்புகோல் இருக்கும். சரிவில் அதை இழுத்தால் கியரின் பிடி போய்விடும், வண்டி தானாக உருளும்.

19 டிகிரிப் பகுதியில் தள்ளிச் செல்லும் இயந்திரத்தைக் குறுக்காகக் கொண்டுபோகலாம், கால் வழுக்கினாலும் பிளேடுக்கு அடியில் போய்விடமாட்டீர்கள். என்னைக் கேட்டால் அங்கே வெட்டவே வேண்டாம். ஓடையை ஒட்டி ஒரு பட்டையை அப்படியே விட்டு நாட்டுப் புதர்களை நடுங்கள், வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மாநிலமே ஓடைக்கரைகளில் அப்படி நடுவதை ஊக்குவிக்கிறது. முன் எடை வந்து சேரும்வரை பையைக் கழற்றி வையுங்கள், வெட்டிய புல் தரையிலேயே கிடக்கட்டும்.