சறுக்குமரத்தடியில் பாம்புச் சட்டை: பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பாம்பு வராமல் இருக்க என்ன செய்யலாம்?

தோப்புவீடு:
வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) பிள்ளைகளுக்காக ஒரு இரும்பு ஊஞ்சல், ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், பழைய டிராக்டர் டயரைப் படுக்கப் போட்டு மணல் கொட்டிய ஒரு மணல் தொட்டி வைத்திருக்கிறோம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு.

நேற்று சாயங்காலம் பந்தை எடுக்கச் சறுக்குமரத்துக்கு அடியில் கையை விட்ட சின்னவன், "அம்மா, ரிப்பன்" என்று எதையோ இழுத்துக்கொண்டு வந்தான். பார்த்தால் பாம்புச் சட்டை. அதை அவன் கையிலிருந்து பிடுங்கிப் போட்ட பிறகுதான் எனக்குக் கைகால் நடுங்கியது. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

அத்தை பூண்டைத் தட்டித் தண்ணீரில் கலக்கிச் சுற்றிலும் தெளித்திருக்கிறார். வீட்டுக்காரர் அந்துருண்டை வாங்கி வந்திருக்கிறார், மணலைச் சுற்றிப் போடலாம் என்று. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சிறியாநங்கை நட்டால் பாம்பு அண்டாது என்கிறார். இதில் எது உண்மையில் வேலை செய்யும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளையாட்டுச் சாமான்களையே எடுத்துவிடலாமா என்றும் யோசனை.

மாமரத்தடி:
முதலில் அந்த அந்துருண்டையை எடுத்து உள்ளே வையுங்கள் சகோதரி. பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், நாலு வயதுப் பிள்ளை வாயில் போட்டுவிடும். அதில் இருக்கும் நாப்தலின் உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. நாங்களும் ஒரு காலத்தில் கிணற்றடி முழுக்கப் போட்டோம். ஒரு வாரம் கழித்து அந்த உருண்டைகளுக்கு ஒரு முழம் தள்ளியே ஒரு சாரை வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. அன்றைக்கு விட்டதுதான்.

வரப்போரம்:
பதினைந்து வருடமாக எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளுக்குள் வரும் பாம்புகளை எடுத்துக் காட்டில் விடும் வேலையில் துணைக்குப் போகிறேன். பூண்டு, கந்தகம், பினாயில், சிறியாநங்கை என்று எல்லாம் போட்டிருந்த வீடுகளிலிருந்தும் பாம்பு எடுத்திருக்கிறோம். அத்தையைக் குறை சொல்லாதீர்கள், பூண்டுத் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் தெளித்தாயிற்று என்ற தைரியத்தில் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல். கார்பாலிக் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் தோல் வெந்துவிடும்.

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். எவ்வளவு நீளம்? தலைப்பகுதி இருந்தால் அதில் பெரிய பெரிய தகடாகத் தெரிகிறதா, அரிசி மாதிரி சின்னச் செதில்களா? முதுகு நெடுக நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் உள்ளதாக இருக்கிறதா? அப்படி இருந்தால் கட்டுவிரியன். அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தோப்புவீடு:
வீட்டுக்காரர் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். இப்போதுதான் விரித்து அளந்தோம், ஏழரை அடி. தலை இருக்கிறது. கண் இருந்த இடத்தில் சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி உருண்டையாக ஒன்று, அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி நடுங்கியது. தலையில் தகடுகள் பெரிதாகத்தான் இருக்கின்றன. முதுகில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. நடு முதுகில் மட்டும் கோடு போட்ட மாதிரி லேசான மேடு தெரிகிறது.

வரப்போரம்:
நல்லது. தலையில் பெரிய தகடு, அதனால் கண்ணாடி விரியனும் இல்லை, சுருட்டை விரியனும் இல்லை. நடுவரிசை பெரிதாக இல்லை, கட்டுவிரியனும் இல்லை. ஏழரை அடி, முதுகில் மேடு என்றால் அநேகமாகச் சாரைதான். சட்டை உரியும்போது இழுபட்டு நீளும், பாம்பு அதைவிடக் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும். சாரைக்கு விஷம் கிடையாது.

ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். சாரை உங்கள் வீட்டுக்கு வந்தது எலிக்காக. எலி இருக்கும் இடத்துக்கு நாளைக்கு நல்ல பாம்பும் வரும், எலிவளையிலேயே அது குடியிருக்கும். தோப்பில் மட்டைக் குவியல் இருந்தால் கண்ணாடி விரியனுக்கும் அது தோதான இடம். அதனால் சறுக்குமரத்தடியில் பாம்புக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

அப்புறம் அந்த டயர். எனக்கு உங்கள் பதிவில் வயிற்றைக் கலக்கியது அதுதான். படுக்கப் போட்ட டயரின் உள்விளிம்புக்குக் கீழே சுற்றிலும் ஒரு கை அகலத்துக்கு இருட்டுப் பொந்து இருக்கும். வெயிலில் கதகதப்பு, மழைக்குப் பிறகு ஈரம், உள்ளே தேரை. மணலில் விளையாடும் பிள்ளை பொம்மை தேடிக் கையை விடுவதும் அங்கேதான். மேல் பக்கத்து வளையத்தை முழுசாக அறுத்து எடுத்துவிடுங்கள். பஞ்சர் கடையில் அறுத்துத் தருவார்கள். மேலே திறந்த வாளி மாதிரி ஆகிவிடும், ஒளிய இடம் இருக்காது. மணலைத் தார்ப்பாய் போட்டு மூடும் பழக்கம் இருந்தால், மறுநாள் நீங்கள்தான் ஒரு நீளக் கழியால் அதைத் தள்ளித் திறக்க வேண்டும், பிள்ளைகள் தொடக் கூடாது.

பிளாஸ்டிக் சறுக்குமரத்தின் அடிப்பாகமும் படிகளும் உள்ளே கூடாக இருக்கும். திறந்த பக்கத்தைக் கால் அங்குல ஓட்டையுள்ள கம்பிவலை வைத்து அடையுங்கள். தோட்டத்துக்குப் போடும் நைலான் வலை வேண்டாம். அதில் பாம்பு சிக்கி இறுகிக்கொள்ளும். சிக்கியது நல்ல பாம்பாக இருந்தால் எடுக்கப் போகிறவருக்கு உயிர் ஆபத்து. ஊஞ்சல் கால் பைப்பின் திறந்த முனைகளையும் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

செவிலி_ஈரோடு:
தடுப்பதைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் வார்டில் பார்த்ததை வைத்து மற்றதைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். கொலுசு, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாமல் ஒரு பலகை வைத்துக் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி தயாராக இருந்தால் நேரே கிளம்புங்கள். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து எப்போதும் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டு வர வேண்டியதில்லை. நம் நாட்டில் போடும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிப்பது. கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடியா என்று பார்க்க, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது.

பல அம்மாக்கள் கேட்பது: "சின்னப் பிள்ளைக்கு மருந்தைக் குறைத்துப் போடுவீர்களா?" குறைக்க மாட்டோம். பிள்ளை சிறியது என்று பாம்பு விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை, அதனால் பெரியவர்களுக்கு உள்ள அதே அளவுதான்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. ராத்திரி தரையில் படுத்த பிள்ளை விடியக்காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுது, இமை தானாக மூடினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டிலில் கொசுவலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் சொருகிவிடுங்கள்.

தோப்புவீடு:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். சறுக்குமரத்தை நகர்த்தியபோது அடியில் இரண்டு எலிவளை, கடித்துப் போட்ட குரும்பை, பிள்ளைகள் கொறித்துச் சிந்திய பொரி. அங்கேயே உட்கார்ந்து தின்னும் பழக்கத்தை நான்தான் கண்டிக்காமல் விட்டிருக்கிறேன். டயரை அறுத்தபோது உள்ளே நாலு தேரை, காணாமல்போன மூன்று பொம்மைக் கார். அந்தக் கார்களைத் தேடிச் சின்னவன் எத்தனை முறை அதற்குள் கையை விட்டிருப்பான் என்று நினைக்கவே முடியவில்லை.

வளைகளில் கல்லும் சிமென்டும் போட்டு அடைத்தாயிற்று. மதில் சுவரில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பிவலை, கேட்டுக்கு அடியில் ரப்பர் பட்டை. சுவரோரம் இருந்த மட்டையையும் செங்கல்லையும் தோப்பின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டோம்.

இரண்டு சந்தேகம். மிச்ச எலிகளுக்கு மருந்து வைக்கலாமா? அப்புறம், சாரை இருந்தால் அதன் ஜோடியாக நல்ல பாம்பும் வரும் என்கிறார் அத்தை. பின்னிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறாராம்.

வரப்போரம்:
எலி மருந்து வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலையே அழித்துவிடும். மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் பாம்பும்கூடச் சாகும். கூண்டுப்பொறி இரண்டு வாங்கி, சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துச் சுவரோரமாக வையுங்கள்.

அத்தை பார்த்தது உண்மைதான், ஆனால் அது சாரையும் நல்ல பாம்பும் இல்லை. இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டியிருக்கும். சாரையும் நல்ல பாம்பும் வேறு வேறு இனம், ஜோடி சேராது. மறுபடி சாரையைப் பார்த்தால் அடிக்காதீர்கள், அதுதான் உங்களுக்குச் சம்பளமில்லாமல் எலி பிடிக்கும் ஆள். 1972 வனவிலங்குச் சட்டப்படி பாம்பை அடிப்பதும் குற்றம். நல்ல பாம்போ விரியனோ வந்தால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று பார்வையை எடுக்காமல் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.

மாமரத்தடி:
ஊஞ்சல் மேல் ஏதாவது கிளை தொங்குகிறதா சகோதரி? சாரை மரமும் ஏறும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே கட்டளைதான்: பந்து செடிக்குள்ளோ எதற்காவது அடியிலோ போனால் அது அப்பாவின் பந்து. நான் கழியால் தட்டித்தான் எடுப்பேன். தினமும் விளையாட விடுவதற்கு முன் அதே கழியால் ஊஞ்சல், சறுக்கு, மணல் எல்லாவற்றையும் தட்டிவிடுவேன், அதிர்வு பட்டால் பாம்பு பெரும்பாலும் விலகிப் போய்விடும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாரும் உள்ளே.

தோப்புவீடு:
ஒரு கொய்யாக்கிளை இருக்கிறது, நாளைக்கே வெட்டிவிடுகிறோம். கழி தட்டுவதைப் பெரியவள் தன் வேலை என்கிறாள், நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாமான்களை எடுக்கவில்லை. இன்றைக்கு இரண்டு பேரும் மறுபடி ஊஞ்சல் ஆடினார்கள்.