ஜன்னல் வெறும் வெள்ளையாக வருகிறது, முகத்தைக் கெடுக்காமல் பிரிண்ட் போடுவது எப்படி?

நிழல்வெளி:

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படம். 35 எம்எம், 400 வேக ஃபிலிம், வழக்கமான நேரம்தான் டெவலப் செய்தது. வெளிச்சமெல்லாம் வெளியே, முகம் பாதி நிழலில். நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்தால் முகத்தில் விவரம் நன்றாக இருக்கிறது, போர்வை மடிப்பில்கூடக் கொஞ்சம் இருக்கிறது. ஜன்னல் பகுதி மட்டும் கன்னங்கரேல் என்று அடர்த்தி, ஆனால் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து உற்றுப் பார்த்தால் வெளியே மரக்கிளை, எதிர்ச்சுவர் எல்லாம் தெரிகிறது.

2ஆம் கிரேடில் (கிரேடு என்பது கான்ட்ராஸ்ட் அளவு, எண் ஏற ஏறக் கான்ட்ராஸ்ட் கூடும்) முகத்துக்குச் சரியான நேரம், லென்ஸ் துளை எஃப் 8இல், 12 விநாடி. அதில் ஜன்னல் வெறும் பேப்பர் வெள்ளை. 0க்கு இறங்கினால் ஜன்னலில் ஏதோ லேசாக வருகிறது, ஆனால் படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் உயிரில்லாமல் போய்விடுகிறது. ஜன்னலுக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்து பர்ன் செய்யலாம் என்றால் பாட்டியின் நரைமுடி அதை ஒட்டியே இருக்கிறது, முடியும் சேர்ந்து கறுக்கிறது, அதுதான் பெரிய தலைவலி. ஃபில்டரை மாற்றிக் கிரேடை மாற்றக்கூடிய ஆர்சி (பிளாஸ்டிக் பூசிய) மல்டிகிரேடு பேப்பர், ஒளியைப் பரப்பித் தரும் டிஃப்யூஷன் ஹெட் உள்ள என்லார்ஜர். ஸ்பிளிட் கிரேடு, ஃப்ளாஷிங், ஃபார்மர் ரெட்யூசர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் ஆரம்பிக்கலாம்?

பழைய என்லார்ஜர்:

எந்த உத்தியிலும் இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. லூப்பில் தெரிவதெல்லாம் பேப்பரில் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்குக் குறுக்கே சோதனைக்காக ஒரு துண்டுப் பேப்பர், அதாவது டெஸ்ட் ஸ்ட்ரிப், வைத்து, அதே 2ஆம் கிரேடில், 24, 48, 96 விநாடி என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். முகம் கருகிப்போகும், போகட்டும். 96இல் மரக்கிளை வந்துவிட்டால் முகத்தைவிட ஜன்னலுக்கு 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியில் ஓர் இரட்டிப்பு) கூடுதலாகத் தேவை என்று அர்த்தம், அது சமாளிக்கக்கூடியதுதான். அதிலும் வெறும் மொழுக்கைச் சாம்பல்தான் வருகிறது என்றால் ஜன்னலில் விவரத்தைத் தேடாமல் லேசான ஒரு தொனியோடு விட்டுவிடுவது நல்லது.

விவரம் வருகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முகத்துக்கு ஏற்ற கிரேடை விட்டுக்கொடுக்காதீர்கள், 2 அல்லது 2½லேயே அடிப்படை எக்ஸ்போஷரைக் கொடுங்கள். பிறகு பேப்பரை அசைக்காமல் ஃபில்டரை மட்டும் 00க்கு மாற்றி ஜன்னலை பர்ன் செய்யுங்கள், 24 விநாடியில் தொடங்கிப் பார்க்கலாம். மல்டிகிரேடு பேப்பரில் இருக்கும் எமல்ஷன்கள் நீல ஒளிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும், பச்சைக்குத்தான் ஒவ்வொன்றும் வேறுவேறு அளவில் வேலை செய்யும். 00 ஃபில்டர் நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடுவதால் கான்ட்ராஸ்ட் குறைந்து, அடர்த்தியான இடத்தில் 2ஆம் கிரேடைவிடச் சீக்கிரமே தொனி விழும். கை கொஞ்சம் தவறி ஜன்னல் சட்டத்தின்மேல் ஒளி விழுந்தாலும் கவலையில்லை, அது ஏற்கெனவே கறுப்பு, மேலும் கறுக்க அங்கே ஒன்றுமில்லை.

ஃபில்டரை மாற்றும்போது என்லார்ஜர் ஹெட்டை இடித்துவிடாதீர்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இரட்டை விளிம்பு விழுந்த பிரிண்டுகளில் பாதி அப்படி வந்தவைதான்.

வெள்ளிமணல்:

இதையே முழு ஸ்பிளிட் கிரேடாகச் செய்யலாமே? 00இல் ஹைலைட்டுக்கு (வெளிச்சமான பகுதிக்கு) ஒரு நேரம், 5இல் கறுப்புக்கு ஒரு நேரம், இரண்டையும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தால் கிரேடு பற்றிய கவலையே இல்லை. 5 ஃபில்டருக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இல்ஃபோர்ட் ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை ஒரே நேரம், 4லிருந்து இரண்டு மடங்கு.

பழைய என்லார்ஜர்:

செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதை மந்திரம்போல் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காது. 00யும் 5உம் படம் முழுக்க விழுந்தால் கிடைப்பது நடுவில் ஏதோ ஒரு கிரேடு, அதை ஒற்றை ஃபில்டரிலேயே வாங்கிவிடலாம். ஒரு எக்ஸ்போஷரில் ஓர் இடத்தை மறைத்து, இன்னொன்றில் வேறோர் இடத்துக்குக் கூட்டும்போதுதான் ஸ்பிளிட் கிரேடுக்குப் பலன். இந்தப் படத்தில் 5 ஓடும்போது கண்குழியைக் கொஞ்சம் மறைத்து டாட்ஜ் செய்தால் அங்கே நிழல் அடைத்துக்கொள்ளாது, அதற்கு வேண்டுமானால் உதவும்.

கறைபடிந்தவிரல்:

ஜன்னல் அடர்த்திதானே பிரச்சினை, நெகட்டிவிலேயே ஃபார்மர் ரெட்யூசர் போட்டுக் குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸே 1941இல் எடுத்த ‘மூன்ரைஸ்’ நெகட்டிவின் கீழ்ப்பகுதியை 1948இல் கெமிக்கல் வைத்து மாற்றினார். நாம் தொட்டால் மட்டும் குற்றமா?

தாமிரத்தட்டு:

ஐயா, அவர் செய்தது இன்டென்சிஃபிகேஷன், அடர்த்தி குறைவாக இருந்த முன்புலத்தில் கூட்டினார். இங்கே கேட்பது அதற்கு நேர் எதிர். பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் (ஃபிக்ஸர் உப்பு) ஒன்றாகக் கலந்த ஃபார்மர் ரெட்யூசர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வெள்ளியைத்தான் எடுக்கும். ஜன்னலுக்கு அது பத்தாது, ஆனால் போர்வை மடிப்பில் இருக்கும் மெல்லிய விவரம் முதலிலேயே போய்விடும். அடர்த்தியான இடத்தில் மட்டும் கூடுதலாகக் குறைக்க அமோனியம் பெர்சல்ஃபேட் இருக்கிறது, ஆனால் அது எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு நெகட்டிவ் இருக்கும்போது அதில் சோதனை வேண்டாம். பேப்பர் போனால் வேறு பேப்பர் எடுக்கலாம்.

ஃப்ளாஷிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேப்பரில் தொனி விழத் தொடங்குவதற்கு ஒரு குறைந்தபட்ச ஒளி வேண்டும், அதில் பெரும்பகுதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவதுதான் ஃப்ளாஷ். நெகட்டிவை வெளியே எடுத்து, ஹெட்டை உயர்த்தி, லென்ஸ் துளையை மிகச் சிறியதாக்கி, ஒரு ஸ்ட்ரிப்பில் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று கொடுத்து முழு நேரம் டெவலப் செய்யுங்கள். காய்ந்த பிறகு, கண்ணுக்குச் சாம்பல் தெரியும் முதல் பட்டைக்கு முந்தைய பட்டைதான் உங்கள் அளவு. அதை ஜன்னல் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். படம் முழுக்கக் கொடுத்தால் நரைமுடியின் பளிச்சிடல் மங்கிவிடும்.

இருட்டறையின் ஸேஃப்லைட் விளக்கையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்தப் படத்துக்கு பர்ன், ஃபில்டர் மாற்றம் என்று பேப்பர் நெடுநேரம் வெளியே கிடக்கும். வெறும் பேப்பரில் நாணயம் வைத்துப் பார்ப்பது போதாது. முதலில் லேசான சாம்பல் வரும் அளவுக்கு எக்ஸ்போஸ் செய்துவிட்டு அதன்மேல் நாணயத்தை வைத்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

நிழல்வெளி:

எல்லோருக்கும் நன்றி. 96இல் மரக்கிளை தெளிவாகவே வந்தது. 2½இல் அடிப்படை, 00இல் பர்ன் என்று போட்டதில் ஜன்னல் நம்பவே முடியாத அளவுக்கு மாறிவிட்டது, சுவரின் செங்கல்கூடத் தெரிகிறது. முடிதான் இன்னும் ஒத்துழைக்கவில்லை. அதை விட்டு விலகி பர்ன் செய்தால் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம், சாமி படம்போல் இருக்கிறது. நெருங்கிப் போனால் முடி அழுக்குச் சாம்பல்.

பழைய என்லார்ஜர்:

அட்டையில் வட்ட ஓட்டை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அது இங்கே சரிவராது. ஓர் அட்டையைப் பேப்பருக்கும் லென்ஸுக்கும் நடுவில் பிடித்தால் அதன்மேலேயே படம் விழும், அதில் ஜன்னலின் ஓரத்தையும் தலையின் வளைவையும் பென்சிலால் வரைந்து வெட்டி எடுங்கள். பர்ன் செய்யும்போது வரைந்த அதே உயரத்தில் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். அட்டை பேப்பரை நெருங்க நெருங்க விளிம்பு கூர்மையாகும், லென்ஸை நெருங்கினால் கரைந்துபோகும்.

தாமிரத்தட்டு:

அதோடு ஒன்று. முடியைவிட்டு விலகாமல், 00 பர்ன் லேசாக முடியின்மேல் படியும்படியே விடுங்கள், ஒளிவட்டம் வராது. ஃபிக்ஸ் செய்து கழுவிய பிறகு வெளிர்மஞ்சள் நிறத்தில் மிக நீர்த்த ஃபெரிசயனைடை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு முடியில் மட்டும் தடவி, உடனே தண்ணீரில் அலசி, மறுபடி ஃபிக்ஸரில் போட்டுக் கழுவுங்கள். வெளிர்ந்த தொனிகளில்தான் அதன் வேலை முதலில் தெரியும், அதனால் நரைமுடிக்கு மிகப் பொருத்தம். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள், ஃபிக்ஸருக்குள் போனதும் இன்னும் கொஞ்சம் வெளுக்கும். வீணான பிரிண்ட் ஒன்றில் முதலில் கை பழக்கிக்கொள்ளலாம். ஃபெரிசயனைடைக் கடும் அமிலத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு வரும்.

வெள்ளிமணல்:

என்லார்ஜரில் நெகட்டிவைப் பிடித்திருக்கும் உங்கள் நெகட்டிவ் கேரியர் கண்ணாடி இல்லாததா? அப்படியென்றால் நீண்ட பர்னில் சூட்டுக்கு நெகட்டிவ் வளைந்து ஃபோகஸ் நழுவும், செங்கல் விளிம்பு மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பர்னுக்கு முன் விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து ஆறவிடுங்கள், அல்லது நேரத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முடியை ஃபெரிசயனைடால் ப்ளீச் செய்த பிறகு எப்படி வந்தது என்று ஸ்கேன் போடுங்கள்.